பாடம் நிற்கிற இடத்து மண்

"தண்ணி கேட்டா வழி விடணும், மண்ணு கேட்டா…" என்று தொடங்கும் ஒரு சொலவடையைத் திருமலையப்பப் பெரியவர் ஒவ்வொரு பங்குனி உத்திரத்தன்றும் அணைக்கரையில் நின்று சொல்வார். மண்ணு கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. கை விடணும் என்று முடித்தார் என்பார்கள் சிலர், காத்துக் கிடக்கணும் என்று முடித்தார் என்பார்கள் சிலர். வெளியூர்களில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டுத் திரும்பி வந்த என்னைப் போன்றவர்கள், நாம் இல்லாத வருஷங்களில் அதை முழுசாகச் சொல்லியிருப்பார் என்று எண்ணிக்கொண்டு, காற்றில் அணையும் சூடத்தைக் கையால் மறைத்தபடி நின்றிருப்போம்.

அந்த நாளில் எங்களைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் எல்லாம் வேன் பிடித்து அவரவர் குலசாமியான சாஸ்தா கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்து, ஆலமரத்தடியில் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் அங்கேயே துண்டை விரித்துப் படுத்திருப்பார்கள். எங்களுக்குப் போக இடமில்லை. எங்கள் சாஸ்தா, வழிபார்த்த சாஸ்தா, சுனையடி என்ற எங்கள் பழைய ஊரோடும் ஊரின் சுனையோடும் புளியமரங்களோடும் அணைத் தண்ணீருக்கு அடியில் இருந்தார். ஆகவே நாங்கள் கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துத் தேங்காயை உடைத்து விடலை போட்டுவிட்டு வீடு திரும்புவோம். சர்க்கார் எங்களைக் கொண்டுவந்து குடிவைத்த மேட்டுக்குப் புதுச்சுனையடி என்று பெயர். சுனை கிடையாது, குழாயில் ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீர் வரும்.

எங்கள் பக்கத்தில் ஊர் பெயர்ந்து போகிறவர்கள் சாமியைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. சாமியின் காலடியில் ஒரு பிடி மண் எடுத்து, துணியில் முடிந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் அதை வைத்து அதன்மேல் பீடம் கட்டிக்கொள்வார்கள். அந்தப் பிடிமண் போதும், சாமி பின்னாலேயே வந்துவிடும். நாங்கள் பிடிமண் எடுக்காமல் வந்துவிட்டோம். தண்ணீர் சட்டென்று ஏறிவிட்டது, எடுக்க நேரமில்லை என்று எங்கள் அப்பாக்கள் சொல்ல நாங்கள் கேட்டு, நாங்கள் சொல்ல எங்கள் பிள்ளைகள் கேட்டு வளர்ந்தார்கள். ஊராட்சித் தலைவியும் பெரியவரின் மகளுமான ஆவுடையம்மாள் போன வருஷம் ஊரெல்லாம் வரி பிரித்து ஒரு கோயில் கட்டி முடித்தாள். ஓடு பதித்து, கம்பிக் கதவு போட்டு, மின்விசிறிகூட மாட்டியாயிற்று. உள்ளே பீடம் மட்டும் காலியாக இருந்தது, ஆள் வராத வரவேற்பறை நாற்காலி போல.

பால்துரை சார் எங்கள் தொடக்கப்பள்ளிக்கு வந்தது அந்த ஆனியில், மலையிலிருந்து சாரல் இறங்கிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை. பம்பாயில் பிறந்து, அங்கே தமிழில் பாதியும் மராத்தியில் பாதியும் படித்து, பிள்ளைகள் இல்லாமல் போன ஒரு தமிழ்ப் பள்ளியில் கடைசிவரை வரலாறு சொல்லிவிட்டு, தலை நரைக்கத் தொடங்கிய பிறகு தாய்வழிச் சொந்தங்கள் இருக்கும் ஊர் என்று எங்களிடம் வந்தவர். தலைமையாசிரியை எஸ்தர் டீச்சர் அவருக்கு மூன்றாம் வகுப்பைக் கொடுத்தாள். அவர் முதலில் எடுத்தது உப்பு எடுக்க நடந்து போனவர்களின் பாடம். வெயிலில் அவர்கள் வேதாரண்யம் வரைக்கும் நடந்ததையும், சோறு போடக்கூடாது என்று உத்தரவு இருந்ததால் ஊர்க்காரர்கள் சோற்றுப் பொட்டலத்தை வழிமரங்களில் கட்டித் தொங்கவிட்டதையும், கடைசியில் அவர்கள் குனிந்து உப்பை அள்ளியதையும் அவர் அவசரமில்லாமல், பக்கத்து வீட்டு விசேஷத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். மணி அடித்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கணுக்கால்வரை உப்புப் பூத்த கால்களோடு வெளியே வந்தார்கள்.

"ஏட்டி, எங்க போயி மிதிச்சிட்டு வந்த?" என்றாள் ஒருத்தியின் தாய்.

"வேதாரண்யத்துக்கும்மா."

"மத்தியானச் சோத்துக்கு முந்தியா, பிந்தியா?"

"பிந்தி."

"அப்பஞ் சரி. முட்டை தின்னியா?"

வீட்டுக்கு வீடு உப்பைக் கூட்டி அள்ளினார்கள். சலித்துப் பார்த்தபோது நல்ல கல்லுப்பாகத்தான் இருந்தது. வீணாக்குவானேன் என்று நார்த்தங்காய்க்குப் போட்டார்கள், அந்த வருஷத்து ஊறுகாயில் லேசாக வியர்வை வாசம் இருந்தது, பழகிவிட்டது. ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு மட்டும் உப்பு கையில் இருந்தது, இறுக மூடிய பிடிக்குள். மற்றப் பிள்ளைகள் கூடவே நடந்தவர்கள், ஜன்னலோரம் இருந்த பிள்ளைதான் உப்பை அள்ளியவர் என்று பிள்ளைகளே விளக்கம் சொல்லிவிட்டார்கள். அந்த இடம் ஒருவருக்கே சொந்தமில்லை. காற்று எல்லோருக்கும் வேண்டும் என்று எஸ்தர் டீச்சர் எப்போதோ வைத்த வழக்கப்படி, திங்கட்கிழமைதோறும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு இடம் நகர்ந்து உட்கார வேண்டும். மேலத்தெரு, கீழத்தெரு என்று பார்க்காத ஒரே வரிசை எங்கள் ஊரில் அதுதான்.

குளம் வெட்டிய பாடத்தன்று முழங்கால்வரை வண்டல். கொற்கைப் பாடத்தன்று விரலிடுக்கெல்லாம் சிப்பித் துண்டு. சமணர்கள் குகையில் தங்கிய பாடத்தன்று ஒன்றுமே இல்லையே என்று தாய்மார்கள் பார்த்தால், உள்ளங்காலில் பாறையின் குளிர்ச்சி ஏறியிருந்தது, மறுநாள்வரை இறங்கவில்லை. டீக்கடையில் பால்துரை சாரைக் கண்டால் ஆட்கள் எழுந்து நின்று வணக்கம் வைத்துவிட்டு, "சார், குளம் வெட்டுன பாடம் இன்னொருக்க எப்ப வரும்? கத்திரி நட்டுருக்கேன்" என்று கேட்பார்கள். கேட்டார்களே என்று கொற்கைப் பாடத்தை அவர் இரண்டாம் முறை நடத்தியும் பார்த்தார். பிள்ளைகள் போன காலோடு திரும்பி வந்தார்கள். ஒரு பாடம் ஒரு தடவைதான் ஒட்டும் என்று அப்போது தெரிந்தது. வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து எல்லாவற்றையும் பார்த்தார், தன் செருப்பைக் கழற்றித் தட்டிக்கொண்டார், வாசலில் நல்ல மிதியடி ஒன்று வாங்கிப் போடுங்கள் என்று எஸ்தர் டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொன்று தெரிய வந்தது பஞ்சத்துப் பாடத்தில். மழை பொய்த்ததையும், ஆட்கள் கிளம்பி நடந்ததையும், புளியங்கொட்டையை அவித்துத் தின்றதையும் சொல்லி, கஞ்சித் தொட்டி திறந்ததைச் சொல்ல வாயெடுத்தபோது மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் புழுதிக்காலோடு வீட்டுக்குப் போய்ப் பானையை வழித்துத் தின்றார்கள், இரண்டு நாளைக்கு மாவரைத்து வைத்திருந்தவர்கள் வீட்டில் அன்றைக்கே தோசைக்கல் காய்ந்துகொண்டே இருந்தது, தின்று தின்று அழுதார்கள். மறுநாள் முதல் வேலையாக அவர் கஞ்சித் தொட்டியைத் திறந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ஊர் அடங்கியது. பாடம் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடத்து மண்தான் காலில் வரும். அன்றிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு எஸ்தர் டீச்சர் பால்துரை சாரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மணி அடித்தாள்.

"ரொம்பப் பசிச்சுதா?" என்று அவர் அன்றைக்குப் பிள்ளைகளைக் கேட்டார்.

ஆவுடையம்மாளின் பேத்தி சுபிக்ஷா எழுந்து நின்றாள். இரட்டைச் சடையில் ஒன்று எப்போதும் அவிழ்ந்தே கிடக்கும் பெண். "பசிகூடப் பரவால்ல சார். அந்த ஆளுவளுக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு தெரியாமக் கெடந்தோம் பாருங்க, அதுதான் சார் தாங்க முடியல."

காலில் மண் வரும் என்றால் சுனையடி மண்ணும் வருமே என்பது யாருக்கு முதலில் தோன்றியது என்று தெரியவில்லை. ஒரே வாரத்தில் ஊரில் எல்லோரும் அது தமக்குத்தான் முதலில் தோன்றியது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் 'நம் ஊர்' என்று ஒரு பாடம் உண்டு. அதில் ஊரின் படம் போடப்பட்டிருக்கும், எந்த ஊர் என்று இருக்காது. ஆசிரியர் தத்தம் ஊரைச் சொல்லிக்கொள்ள வேண்டும். பூசாரிதான் ஒரு சிக்கலை எடுத்தார்.

"கால்ல ஒட்டுனதை எடுத்துப் பீடத்துல வச்சுக் கும்பிடச் சொல்லுதியளா? பிடிமண்ணுன்னா கைப்பிடி மண்ணு வே. சாஸ்தாவைச் செருப்புல கூட்டிட்டு வந்த மாதிரி ஆயிரும்."

"பள்ளிக்கூடத்துல பிள்ளைய வெறுங்காலுதானவே."

"காலு காலுதான்."

அப்படியென்றால் ஜன்னலோரப் பிள்ளையின் கை இருக்கிறதே என்றாள் ஆவுடையம்மாள். அதோடு பேச்சு முடிந்தது.

பெரியவர் அப்போது படுக்கையில் இருந்தார். தொண்ணூறைத் தாண்டிய உடம்பு, மாசியிலிருந்து ஆகாரம் குறைந்து, பாலும் இறங்காமல், ஆனாலும் போகாமல் கிடந்தது. ஊர்மண்ணைக் கரைத்து வாயில் ஊற்றினால் உயிர் போய்விடும் என்பார்கள். எங்கள் ஊர்மண் எங்கே இருக்கிறது? ஆவுடையம்மாள் பகலெல்லாம் சாலை, குழாய், தெருவிளக்கு என்று அலைந்துவிட்டு வந்து, அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிடுவாள். பங்குனி உத்திரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஊர் கூடிச் சொன்னபடியே பால்துரை சார் முதலில் 'நம் ஊர்' பாடத்தை நடத்தினார். சுனையின் குளிர்ச்சி, புளியமரத்து நிழல், தேர்போல வரும் மாட்டு வண்டிகள், எல்லோரும் ஒருதாய் மக்கள், ஒருநாள் தண்ணீர் சட்டென்று வந்தது, மண் எடுக்க யாருக்கும் நேரமில்லை. பூசாரி பட்டு விரித்த தாம்பாளத்தோடு வாசலில் காத்திருந்தார். பிள்ளைகள் வெளியே வந்தார்கள். கைகளில் சாக்பீஸ் பொடி இருந்தது. கால்கள் காலையில் தேய்த்துக் குளிப்பாட்டி அனுப்பிய அதே கால்கள்.

"வாத்தியாருக்குக் கைராசி போயிட்டு போல," என்றது கூட்டம்.

கூட்டத்துக்கு வெளியே, தன் பேரன் மகள் நிவேதாவைக் கூட்டிப்போக வந்திருந்த மாடத்தியக்கா சிரித்துவிட்டாள். கீழத்தெருவில் எண்பது வயதிலும் தலை நிறையப் பூ வைத்துக்கொள்ளும் மனுஷி அவள். "நடக்காத ஊரு மண்ணு எங்கிருந்து ஒட்டும்? நல்ல கதையா இருக்கே."

பால்துரை சார் படியிறங்கி அவளிடம் வந்தார். "நடந்தது என்னக்கா?"

"என்னையவா கேக்கிய?" அவள் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். யாரும் கிளம்பவில்லை, யாரும் கிட்டே வரவுமில்லை. "அப்பஞ் சொல்லுதேன். என்னைப் பெத்த எங்கய்யா பேரு மாடக்கண்ணு. அன்னைக்குத் தண்ணி கோயில் படியைத் தொட்டுட்டு. எல்லாரும் கரையில வண்டி கட்டி நிக்கோம். பிடிமண்ணு எடுக்கணும், எடுக்கணும்னு மேலத்தெருக்காரவ சொல்லுதாவ, ஒருத்தரும் இறங்கல. எங்கய்யா இறங்குனாரு. இடுப்பளவு தண்ணியில போயி, சாஸ்தா மேடையில ஏறி, காலடியில ஒரு பிடி அள்ளி, கையைத் தலைக்கு மேல தூக்கிட்டு வந்தாரு சார். ஒரு துளி படல. நான் எங்கம்மை சேலையைப் பிடிச்சிட்டு நிக்கேன். தண்ணிக்கு மேல அந்தக் கை மட்டும் வருது."

"அப்புறம்?"

"அப்புறம் பெரிய வீட்டுப் பையன் வந்தாரு. அப்பத்தான் மீசை முளைக்குது. 'நீ எடுத்த மண்ணை நாங்க எப்படில வச்சுக் கும்பிட?'ன்னாரு. கையில கம்பு. மணிக்கட்டுல தட்டிவிட்டாரு. மண்ணு சிதறி நின்னவுக காலெல்லாம் தெறிச்சுது, மேலத்தெருக் காலு, கீழத்தெருக் காலுன்னு அது பாக்கல. அப்புறம் எல்லாரும் காலைக் கழுவிட்டு வண்டியேறுனோம்."

எங்கள் ஊரில் பெரிய வீடு ஒன்றுதான். அன்று மீசை முளைத்த அந்தப் பையன் திருமலையப்பர்தான் என்று தெரிந்துகொள்ள யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கதை வீட்டுக்கு வீடு பரண்மேல்தான் இருந்தது, இறக்கிப் பார்க்காமல் இருந்தோம், அவ்வளவுதான்.

"வருஷா வருஷம் அணைக்கரையில 'மண்ணு கேட்டா'ன்னு ஆரம்பிப்பாருல்லா?" மாடத்தியக்கா நிவேதாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள். "அதுக்கு மேல அவருக்கு வாய் வராது. நீங்க எல்லாரும் மறந்து போச்சுன்னு நினைக்கிய. அவரு சொன்னதே இல்ல."

மறுநாள் ஆவுடையம்மாள் பால்துரை சார் வீட்டுக்கு ஒரு பலாச்சுளைத் தூக்குவாளியோடு வந்தாள். சண்டை போட வரவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மாடத்தி மதினி சொன்னது பொய்யின்னு நான் சொல்லல சார். எங்க ஐயா தூக்கத்துல ஒளறும்போது நானும் கேட்டிருக்கேன். நீங்க அதையே நடத்துங்க. மாடக்கண்ணு மாமா தண்ணியில இறங்குனாரு, மண்ணு அள்ளுனாரு, கையைத் தூக்கிட்டுக் கரையேறுனாரு. அங்ஙன மணி அடிச்சிருவோம்."

"மிச்சம்?"

"மிச்சத்தை அதுக ஆறாங்கிளாஸ் போயி படிச்சிக்கிடட்டும். பாதி சொன்னாப் பொய்யா சார்? நான் பொய் சொல்லச் சொல்லலியே. அந்தக் கை நெறைஞ்சிருக்கிற இடத்துல நிறுத்துங்கன்னுதான் கேக்கேன்." அவள் குரல் இறங்கியது. "இந்தத் திங்கக்கிழமை ஜன்னலோரம் வாரது எங்க சுபிக்ஷா. அவ கையால மண்ணு வந்து, அதை ஐயா கண்ணால பாத்துட்டாருன்னா நிம்மதியாப் போயிருவாரு. நீங்க முழுசும் சொன்னா, அடிபடுறதும் அவ கையிதான் சார். மண்ணும் போயிரும். ஒரு பாடம் ஒரு தடவைதானே?"

கீழத்தெருவிலும் பலர் அதையே சொன்னார்கள். எடுத்தது எங்கள் கை என்று சாமிக்குத் தெரியும், ஊருக்கும் இப்போது தெரிந்துவிட்டது, அது போதும், சாஸ்தா வரட்டும் என்றார்கள். பால்துரை சார் மாடத்தியக்காவிடம் போனார். அவள் முற்றத்தில் புளி கொட்டையெடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே பேசினாள்.

"எங்கய்யா சாகையில கட்டிலைத் திருப்பி அணையைப் பாக்கப் போடச் சொன்னாரு. அவருக்கும் அந்த சாஸ்தாதான். பாதியில நிறுத்துனியன்னா சாமி வரும். முழுசாச் சொன்னியன்னா எங்கய்யா வருவாரு. எனக்கு எது வேணும்னு கேக்காதிய. எனக்கே தெரியல. ஆனா அந்தப் பிள்ளை கை என்னத்துக்கு வலிக்கணும்? அவ எங்க நிவேதா கூடத்தான் ஒரே தட்டுல சத்துணவு தின்னுதா."

வியாழக்கிழமை பெரியவர் அவரை அழைத்துவரச் சொன்னார். அறையில் தைலமும் பழைய துணியும் மணத்தன. பெரியவரின் கண்கள் மட்டும் அசைந்தன. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினார்.

"ஜன்னல் பக்கம்… யாரு?"

"உங்க கொள்ளுப்பேத்திதான் ஐயா, சுபிக்ஷா."

வாசலில் நின்ற ஆவுடையம்மாளுக்குக் கேட்காதபடி பெரியவரின் உதடு அசைந்தது. "அவளை மாத்தி உக்கார வையும்."

"எதுக்கையா?"

போர்வைக்கு வெளியே கிடந்த வலது கை மட்டும், எதையோ விடுவதுபோலவோ எதையோ பிடிப்பதுபோலவோ, ஒருதரம் விரிந்து மூடியது. வரிசையை மாற்றுகிற வழக்கம் பள்ளிக்கூடத்தில் இல்லை. பால்துரை சார் அந்தக் கையைப் போர்வைக்குள் எடுத்து வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஊரே பள்ளிக்கூடத்தைச் சுற்றி நின்றது. மேளக்காரர்கள் உறுமியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பூசாரி பட்டுத் துணியையும் தாம்பாளத்தையும் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு நேராக இடம் பிடித்திருந்தார், யாரோ பானகம் கரைத்துக் குழந்தைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெரியவரைக் கட்டிலோடு தூக்கி வந்து வேம்படியில் வைத்திருந்தார்கள். ஆவுடையம்மாள் அவர் தலைமாட்டில் பனையோலை விசிறியோடு நின்றாள். மாடத்தியக்கா தூரத்தில், கம்பிவேலிக்குப் பக்கத்தில், பூ வைத்த தலையோடு தனியே நின்றாள். எஸ்தர் டீச்சர் மணியடிக்கும் கட்டையைக் கையில் பிடித்திருந்தாள். இன்றைக்கு அவள் பார்க்க வேண்டிய முகம் ஆவுடையம்மாளுடையது என்று ஊர் முடிவுசெய்திருந்தது.

பால்துரை சார் சொல்ல ஆரம்பித்தார். சுனையைச் சொன்னார், அதில் மேலத்தெருவுக்கு ஒரு படித்துறையும் கீழத்தெருவுக்குக் கடைசியில் ஒரு கல்லும் இருந்ததைச் சொன்னார், அணை கட்டியவர்கள் வந்து சுவர்களில் எழுதிவிட்டுப் போன எண்களைச் சொன்னார், வண்டியில் ஏற்றிய அம்மிகளையும் ஏற்ற முடியாத அடுப்புகளையும், எதையும் ஏற்றாமல் வெறுமனே வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களையும் சொன்னார். சொல்லச் சொல்ல, ஜன்னல் வழியாக ஒரு வாசம் வெளியே வந்தது, நனைந்த புளியிலையும் பாசியும் கலந்த வாசம். சுனையடியைப் பார்த்தேயிராத நாங்கள் அத்தனை பேரும் அதை அடையாளம் கண்டுகொண்டோம். பிள்ளைகளின் கால்கள் கரைமண்ணின் கருஞ்சிவப்பேறிக்கொண்டு வந்தன. பிறகு அவர் மாடக்கண்ணுவைத் தண்ணீரில் இறக்கினார். பேரைச் சொன்னபோது வேலியோரம் நின்ற மாடத்தியக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இடுப்பளவு தண்ணீர், மேடை, காலடி, குனிந்து அள்ளிய கை. அந்தக் கை தலைக்கு மேல் உயர்ந்து, தண்ணீரைத் தாண்டி, ஒரு துளி படாமல், கரையேறியது.

சுபிக்ஷாவின் வலது கை தானாக மேலே எழுந்தது. பிடி மூடியிருந்தது. விரல்களின் இடுக்கில் செம்மண் தெரிந்தது.

பெண்கள் குலவையிட்டார்கள். உறுமி அதிர்ந்தது. பூசாரி தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கி ஜன்னலுக்கு நேராக நீட்டினார். கட்டிலில் கிடந்த பெரியவர் தலையைத் தூக்க முயன்றார், யாரோ முதுகுக்குக் கை கொடுத்தார்கள். அவர் பார்த்தார், அந்தச் சின்னப் பிடியை, அது யாருடைய கை என்பதை. அவர் வாய் திறந்தது. ஆவுடையம்மாள் தலையசைத்தாள். எஸ்தர் டீச்சர் மணி அடித்தாள்.

பிள்ளைகள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மணி அடித்தால் புறாக்கூட்டம்போல எழும்புகிறவர்கள், மண்ணேறிய காலோடு அப்படியே உட்கார்ந்து சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுபிக்ஷா தூக்கிய கையை இறக்காமல் கேட்டாள்.

"அப்புறம் என்ன ஆச்சு சார்?"

பால்துரை சார் ஜன்னலுக்கு வெளியே ஒருதரம் பார்த்தார். தாம்பாளத்தில் பட்டுத் துணி காற்றில் மடங்கிக் கிடந்தது. குலவை ஓய்ந்தது, மேளமும் மெல்ல நின்றது. மணியின் அதிர்வு அடங்கும்வரை அவர் காத்திருந்தார். அடங்கியதும், பாடத்தின் மீதியையும் சொன்னார்.